உயிர்வேதியியல் சங்கத்தில் புதிய உறுப்பினர்களை வரவேற்க எந்த வழி நல்லது? ஓர் ஒப்பீடு

உயிர்வேதியியல் சங்கங்களில் புதிய உறுப்பினர்கள் ஆண்டு முழுவதும் சீராக வந்து சேர்வதில்லை. ஆண்டு மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பக் கடைசித் தேதி நெருங்கும் நான்கைந்து வாரங்களில்தான் கூட்டமாக வருவார்கள். உறுப்பினரானால் பதிவுக் கட்டணம் குறையும், பயண உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம் என்பதே பெரும்பாலோருக்குக் காரணம். அதில் தவறேதும் இல்லை. ஆனால் மாநாடு முடிந்த பிறகு அவர்களைச் சங்கத்தோடு பிணைக்க வேறு எதுவும் இருப்பதில்லை. அடுத்த ஆண்டு சந்தா நினைவூட்டல் வரும்போது, "இந்த வருஷம் மாநாட்டுக்குப் போகவில்லையே, எதற்குக் கட்டுவது?" என்று விட்டுவிடுகிறார்கள்.

ஆகவே செயற்குழு எந்த வரவேற்பு ஏற்பாட்டை எடுத்துக்கொண்டாலும் அதைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். சேர்ந்து முப்பது நாளுக்குள், தன் ஆய்வு புரிந்த, தன் பெயர் தெரிந்த ஒருவராவது அந்தப் புதியவருக்கு இந்தச் சங்கத்தில் கிடைப்பாரா? மின்னஞ்சல் தொடர், வழிகாட்டி இணைப்பு, துறைவாரிச் சிறு குழு, மாநாட்டு வரவேற்பு, பொறுப்பு ஒப்படைத்தல் ஆகியவற்றை இந்தக் கேள்வியை வைத்தே எடைபோடுகிறோம்.

முதலில் சேர்க்கைப் படிவம்

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் அது படிவத்தில் கிடைக்கும் தகவலை நம்பித்தான் நடக்கும். பல சங்கங்களின் படிவம் பெயர், நிறுவனம், பணம் கட்டும் விவரம் என்பதோடு நின்றுவிடுகிறது. இதை வைத்து யாரையும் யாரோடும் சேர்த்துவைக்க முடியாது. கூடுதலாக மூன்று விவரங்கள் வேண்டும். முதலாவது, இப்போதைய நிலை: முதுகலை மாணவர், ஆய்வு மாணவர், போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்), ஆசிரியர், தொழில்துறை, மருத்துவமனை ஆய்வகம். அடுத்தது, எந்த மூலக்கூறில், எந்த உத்தியில் வேலை செய்கிறார் என்பது. "புரத வேதியியல்" என்ற பட்டியல் சொல் போதாது. "சவ்வுப் புரதம், கிரையோ-இஎம்" (உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கி) என்பது போல அவரே தட்டச்சு செய்ய ஒரு கட்டம் விடுங்கள். கடைசியாக, அடுத்த ஆறு மாதத்தில் சங்கத்திடம் எதிர்பார்க்கும் ஒரே ஒரு விஷயம்.

இன்னொன்றும் உண்டு, சிறியதுதான், ஆனால் விட்டுவிட்டால் பெரிய நஷ்டம். மாணவர்கள் பல்கலைக்கழக மின்னஞ்சலைக் கொடுத்துச் சேருவார்கள். பட்டம் முடிந்து சில மாதங்களில் அந்த முகவரி மூடப்பட்டுவிடும். சங்கம் அனுப்பும் நினைவூட்டல் எல்லாம் திரும்பி வரும், அவரோ வேறு நாட்டில் போஸ்ட்டாக் ஆகியிருப்பார். தனிப்பட்ட மின்னஞ்சல் ஒன்றையும் ஓஆர்சிட் எண்ணையும் (ஆய்வாளருக்கென்று தரப்படும் 16 இலக்க நிரந்தர அடையாள எண்) சேரும் அன்றே வாங்கி வைத்தால் இந்த இழப்பைத் தவிர்க்கலாம். குடும்பப் பெயர் கட்டாயம் என்ற கட்டத்தையும் நீக்கிவிடுங்கள். ஒற்றைப் பெயரோ தலைப்பெழுத்தோ வைத்திருப்பவரிடம் சங்கம் பேசும் முதல் வார்த்தையே "பிழை, மீண்டும் நிரப்பவும்" என்று இருக்கக் கூடாது.

மின்னஞ்சல் தொடர்

மிகக் குறைந்த உழைப்பில் எல்லோரையும் எட்டும் வழி இது. எழுதி அமைக்க இரண்டு மூன்று நாள் வேலை, அதன் பிறகு தேதிகளைத் திருத்த மாதம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். சேர்க்கை அலை எவ்வளவு பெரிதானாலும் தாங்கும்.

நான்கு கடிதங்களுக்கு மேல் வேண்டாம். பணம் கட்டிய உடனே போகும் முதல் கடிதத்தில் ரசீது, உறுப்பினர் எண், சந்தா முடியும் தேதி மட்டும். மூன்றாம் நாள் கடிதம் ஒரு மனிதரின் பெயரில் போக வேண்டும், பதில் எழுதினால் அந்த மனிதருக்கே போய்ச் சேர வேண்டும். "இந்த முகவரிக்குப் பதில் அனுப்பாதீர்கள்" என்ற அடிக்குறிப்போடு ஒரு வரவேற்புக் கடிதம் போவதைப் போல முரணான காரியம் வேறில்லை. இரண்டு வாரம் கழித்து, அவருடைய நிலைக்குப் பொருந்தும் கெடு தேதிகள்: ஆய்வு மாணவர் என்றால் பயண உதவித்தொகை, போஸ்ட்டாக் என்றால் இளம் ஆய்வாளர் விருது, ஆசிரியர் என்றால் பயிலரங்கு நிதி. ஆறாம் வாரம் ஒரே கேள்வி: எதிர்பார்த்துச் சேர்ந்தது கிடைத்ததா?

இங்கே தவறுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று தொழில்நுட்பம். மொத்தமாகக் கடிதம் அனுப்பும் சேவைக்குச் சங்கத்தின் டொமைனில் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகள் (கடிதம் உண்மையாகவே சங்கத்திடமிருந்து வருகிறது என்று காட்டுபவை) சரியாக இல்லாவிட்டால் பல்கலைக்கழக வடிகட்டிகள் கடிதத்தை ஸ்பேமுக்குத் தள்ளிவிடும். தொடரைத் தொடங்குமுன் நாலைந்து நிறுவனங்களில் இருக்கும் உறுப்பினர்களின் முகவரிக்கு அனுப்பி, எந்தப் பெட்டியில் விழுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மற்றது உள்ளடக்கம். சலுகைகளின் பட்டியல் பழையதாகவே கிடக்கும். ஒரு காலத்தில் சங்கத்தின் ஆய்விதழைப் படிக்கக் கிடைப்பதே பெரிய சலுகை. இன்று நிலைமை வேறு. 1905-இல் தொடங்கிய ஜர்னல் ஆஃப் பயாலஜிக்கல் கெமிஸ்ட்ரி 2021 முதல் முழுமையாகத் திறந்த அணுக்கத்துக்கு வந்துவிட்டது. உறுப்பினர் அல்லாதவரும் படிக்கலாம். அப்படிப்பட்ட ஒன்றைச் சலுகை என்று எழுதினால் படிப்பவர் மீதியையும் நம்பமாட்டார். அதற்குப் பதிலாகப் பலருக்குத் தெரியாததைச் சொல்லுங்கள். 1964-இல் உருவான ஃபெப்ஸ் (ஐரோப்பிய உயிர்வேதியியல் சங்கங்களின் கூட்டமைப்பு) போன்ற அமைப்புகளில் உறுப்பினராக இருப்பவை தேசியச் சங்கங்கள். அவற்றின் உதவித்தொகைகள் பலவற்றுக்குத் தனிநபர் விண்ணப்பிக்கும் தகுதி தேசியச் சங்க உறுப்பினர் என்பதன் வழியாகத்தான் வருகிறது. இந்த ஒரு வரி ஆய்வு மாணவருக்குப் பத்துச் சலுகைக்குச் சமம்.

ஆனாலும் நம் கேள்விக்கு மின்னஞ்சல் தொடர் பதில் ஆகாது. கடிதம் தகவலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும், ஆளைச் சேர்க்காது. கட்டாயம் இருக்க வேண்டிய அடித்தளம் இது; இதை மட்டும் வைத்துக்கொண்டு வரவேற்பு முடிந்தது என்று செயற்குழுக் குறிப்பில் எழுதிவிடக் கூடாது.

ஒருவருக்கு ஒரு வழிகாட்டி

நன்றாக அமைந்தால் இதற்கு ஈடான வழி இல்லை. சிக்கல் அந்த "நன்றாக அமைந்தால்" என்பதில்தான். புதியவர்களில் எண்பது பேர் ஒரே மாதத்தில் சேர்ந்தால் எண்பது வழிகாட்டிகளுக்கு எங்கே போவது? கைக்குக் கிடைத்தவரைப் பொருத்திவிட்டால், லிப்பிட் வளர்சிதை மாற்றத்தில் இருப்பவருக்கு நொதி இயக்கவியல் பேராசிரியர் வந்து சேர்வார். இருவரும் ஒருமுறை மரியாதையாகப் பேசிக்கொள்வார்கள், அதோடு சரி.

பொருத்தும்போது மூன்று விதிகளில் தளர்வு கூடாது. ஒரே நிறுவனத்தில் இருவரும் இருக்கக் கூடாது. புதியவர் தன் மேற்பார்வையாளரைப் பற்றிய சங்கடத்தைச் சொல்ல இடம் வேண்டும். ஒரே இலக்கில் போட்டியிடும் ஆய்வகங்களாக இருக்கக் கூடாது. வழிகாட்டி ஒரு படி மேலே இருந்தால் போதும்: ஆய்வு மாணவருக்குப் போஸ்ட்டாக், போஸ்ட்டாக்குக்கு ஆய்வகம் தொடங்கி ஐந்தாறு ஆண்டு ஆனவர். புகழ்பெற்ற மூத்த பேராசிரியரைக் கொடுத்தால் பெருமையாக இருக்கும், ஆனால் மாணவர் கேள்வி கேட்கத் தயங்குவார், பேராசிரியருக்கு நேரமும் இருக்காது.

கால எல்லையையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆறு மாதம், மூன்று சந்திப்பு, ஒவ்வொன்றும் 45 நிமிடம். எல்லை இல்லாத பொறுப்பை ஏற்க மூத்தவர்கள் பின்வாங்குவார்கள். எல்லை தெரிந்தால் சம்மதிப்பவர்கள் அதிகம். முதல் மின்னஞ்சலை வழிகாட்டிதான் எழுத வேண்டும் என்பது விதியாகவே இருக்கட்டும். "தேவைப்பட்டால் தொடர்புகொள்ளுங்கள்" என்று மாணவரிடம் விட்டால் பெரும்பாலான இணைகள் அங்கேயே செத்துவிடும். "சாருக்குத் தொந்தரவாக இருக்குமோ" என்ற தயக்கத்தை எந்த அறிவிப்பாலும் போக்க முடியாது. மூன்றாம் வாரம் ஒருங்கிணைப்பாளர் இருவருக்கும் தனித்தனியாக, "பேசிவிட்டீர்களா?" என்று ஒரு வரி அனுப்ப வேண்டும். இல்லை என்று வந்தால் குற்றம் சாட்டாமல் இணையை மாற்ற வேண்டும். அதற்காகத் தேவைக்கு மேல் பத்தில் ஒரு பங்கு வழிகாட்டிகளைக் கையிருப்பில் வைத்திருங்கள். ஏதாவது முறைகேடாக நடந்தால் மாணவர் யாரிடம் சொல்வது என்பதற்கு, இணைப்புக் கடிதத்திலேயே ஒருங்கிணைப்பாளர் அல்லாத இரண்டாவது ஆளின் பெயர் இருக்க வேண்டும்.

இந்தக் கவனிப்பு ஒவ்வோர் இணைக்கும் ஒருங்கிணைப்பாளரின் இரண்டு மூன்று மணி நேரத்தைக் கேட்கும். இருபது இணை வரை ஒருவர் ஒழுங்காகப் பார்க்கலாம். அதற்கு மேல் போனால் பெயரளவுக்கு நடக்கும் திட்டமாகிவிடும். இல்லாததைவிட அது மோசம், ஏனென்றால் பதில் வராமல் காத்திருந்த மாணவர் அதைச் சங்கத்தின் புறக்கணிப்பாகவே எடுத்துக்கொள்வார்.

துறைவாரிச் சிறு குழு

செயற்குழு ஒன்றே ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் இதைத் தேர்ந்தெடுங்கள். புதியவர்கள் ஆறு முதல் எட்டுப் பேர், பழைய உறுப்பினர் இருவர், இணையவழியில் 75 நிமிடம். சேர்ந்த முப்பது நாளுக்குள் ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்பு. எண்பது பேர் ஒரே மாதத்தில் வந்தாலும் பத்துப் பன்னிரண்டு குழுக்களில் அடங்கிவிடுவார்கள்; ஒவ்வொரு பழைய உறுப்பினரும் இரண்டு குழுவுக்கு வந்தால் பன்னிரண்டு பேர் போதும். ஒருவர் வராமல் போனாலும் குழு நடக்கும், இது வழிகாட்டி முறையில் முடியாத காரியம்.

குழுவைத் துறையை வைத்துப் பிரிக்க வேண்டும், பதவியை வைத்து அல்ல. மாணவர்களை மட்டும் ஒன்றாக உட்கார வைத்தால் பொதுவாகப் புலம்பல்தான் மிஞ்சும். ஒரே உத்தியைக் கையாளும் மாணவரும் போஸ்ட்டாக்கும் தொழில்துறைக்காரரும் சேர்ந்து உட்கார்ந்தால் பேச விஷயம் இருக்கும்.

நிகழ்ச்சி நிரல் எளிது. அறிமுகத்துக்குப் பத்து நிமிடம், அதில் சங்கத்தின் வரலாறு வேண்டாம். பிறகு ஒவ்வொருவருக்கும் ஏழு நிமிடம்: இரண்டு நிமிடம் என்ன செய்கிறேன், மீதி ஐந்து இப்போது எதில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டாவது பகுதியில்தான் குழுவுக்கு உயிர் வரும். பாக்டீரியாவைக் கொண்டு புரதம் தயாரிப்பவர்களின் குழு ஒன்றில் பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும் (பெல்லட் என்பது கரையாமல் அடியில் படிவது, ஐபிடிஜி புரதத் தயாரிப்பைத் தூண்டும் வேதிப்பொருள், டேக் புரதத்தோடு சேர்த்து ஒட்டும் துண்டு):

"ஈ.கோலையில் புரதம் நன்றாக வருகிறது. ஆனால் எல்லாமே பெல்லட்டில் போய்விடுகிறது, மேல் திரவத்தில் ஒன்றுமே இல்லை."

"எந்த வெப்பநிலையில் இன்ட்யூஸ் செய்கிறீர்கள்?"

"37 டிகிரி. ஐபிடிஜி 1 மில்லிமோலார், நாலு மணி நேரம்."

"18-க்கு இறக்குங்கள். ஐபிடிஜி 0.1 போதும், இரவு முழுக்க விடுங்கள். டேக் என்ன?"

"ஹிஸ் டேக் மட்டும்தான்."

"குளிரிலும் கரையவில்லை என்றால் எம்பிபி டேக் போட்டுப் பாருங்கள். டைசல்ஃபைடு பிணைப்பு இருக்கிற புரதமா? அப்படியென்றால் சைட்டோபிளாசத்தில் சரியாக மடியாது, பெரிபிளாசத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும்."

இதில் எதுவும் ரகசிய ஞானம் இல்லை, கைந்நூல்களில் இருப்பதுதான். ஆனால் இரண்டு மாதமாகத் தனியாகப் போராடிக்கொண்டிருந்தவருக்கு இந்த நாலு நிமிடம் கிடைத்த இடம் சங்கம் என்பது மறக்காது. மறுநாள் அந்தப் பழைய உறுப்பினர் தாம் பயன்படுத்தும் நெறிமுறையை அனுப்பிவைத்தால் தொடர்பு உறுதியாகிவிடும்.

எச்சரிக்கை ஒன்று. வெளிவராத முடிவுகளைச் சொல்லச் சொல்லாதீர்கள். சிக்கலைச் சொன்னால் போதும், புரதத்தின் பெயரோ இலக்கோ வேண்டாம் என்பதை அழைப்பிலேயே எழுதுங்கள். காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் வெளியில் சொல்லிவிட்டால் பல நாடுகளில் புதுமைத் தகுதியே போய்விடலாம்; தொழில்துறை உறுப்பினர்கள் வாயைத் திறக்காமல் இருப்பதற்கு இதுதான் காரணம். கூட்டத்தைப் பதிவு செய்யவும் வேண்டாம். பதிவாகிறது என்று தெரிந்தால் தோற்றுப்போன பரிசோதனையைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

இந்த முறை கெடுவது பழைய உறுப்பினரால்தான். ஒருவர் பேசத் தொடங்கி இருபது நிமிடம் சொற்பொழிவு ஆற்றினால் குழு முடிந்தது. ஆகவே இருவரில் ஒருவருக்கு நேரம் பார்ப்பது மட்டுமே வேலை. அழைக்கும்போது கால மண்டலத்தையும் பாருங்கள். வெளிநாட்டில் இருக்கும் உறுப்பினருக்கு அதிகாலை மூன்று மணி என்றால் அவருக்கு அழைப்பே வரவில்லை என்றுதான் பொருள்.

மாநாட்டில் வரவேற்பு

காலை உணவோடு ஒரு மணி நேரம் புதியவர் சந்திப்பு என்பது பழகிய வடிவம். நேரில் சந்திப்பதன் பலத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் வசதி இல்லாதவர், விசா கிடைக்காதவர், சிறு குழந்தை உள்ளவர் எல்லோரையும் இது தொடக்கத்திலேயே விட்டுவிடுகிறது. சேர்ந்து ஏழெட்டு மாதம் கழித்துத்தான் மாநாடு வரும் என்றால் முப்பது நாள் கணக்கும் போயிற்று.

நடத்துவதென்றால் முதல் நாள், தொடக்க உரைக்கு முன்பே நடத்துங்கள். இரண்டாம் நாள் வைத்தால் அதற்குள் ஒவ்வொருவரும் தன் ஆய்வகத்து ஆட்களோடு ஒட்டிக்கொண்டிருப்பார்கள். எட்டுப் பேர் வட்ட மேசை, மேசைக்கு ஒரு செயற்குழு உறுப்பினர். அவர்கள் தங்களுக்குள் ஒரே மேசையில் சேர்ந்துவிடாமல் இருக்க இருக்கையில் பெயர் ஒட்டிவிடுவது நல்லது. மேடைப் பேச்சு மொத்தம் ஐந்து நிமிடம், ஒரு நிமிடம்கூட அதற்கு மேல் வேண்டாம்.

இதைவிட முக்கியமான வேலை போஸ்டர் அரங்கில் இருக்கிறது. முதன்முறை போஸ்டர் வைப்பவர் இரண்டு மணி நேரம் நின்றும் யாரும் வராமல் சுருட்டிக்கொண்டு போவதுதான் ஒரு சங்கம் புதியவருக்குத் தரக்கூடிய மிக மோசமான அனுபவம். தடுப்பது சுலபம். முதன்முறை வைப்பவர்களின் போஸ்டர் எண்களைத் தனியாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அதே துறையில் இரண்டு பழைய உறுப்பினர்களை ஒதுக்குங்கள். ஒற்றைப்படை எண்கள் எந்த மணி, இரட்டைப்படை எந்த மணி என்பதையும் அவர்களுக்கு எழுதிக்கொடுங்கள், இல்லாவிட்டால் ஆள் இல்லாத நேரத்தில் போய்த் திரும்புவார்கள். பத்து நிமிடம் நின்று, உண்மையான கேள்வி ஒன்றாவது கேட்க வேண்டும். இதற்குச் செலவு ஏதும் இல்லை. மாநாட்டுக்கு இரண்டு வாரம் முன் ஒருவர் ஒரு மாலை உட்கார்ந்து பட்டியல் போட்டால் முடிந்தது.

பொறுப்பு கொடுப்பது

சேர்ந்த கையோடு குழுவில் போடுவது வரவேற்பு ஆகாது, சுமை. ஆனால் ஆறு மாதம் கழித்துச் சிறு பொறுப்பு கொடுப்பதைத் திட்டத்தில் எழுதியே வைத்துக்கொள்ள வேண்டும்: அடுத்த புதியவர் குழுவில் நேரம் பார்ப்பவராக இருத்தல், மதிப்பெண் தாளோடு போஸ்டர் நடுவராக இருத்தல் போல எல்லை தெளிவான வேலை. ஆய்வுச் சுருக்கங்களை மதிப்பிடும் பணி என்றால் நலமுரண் விதியை முதலில் விளக்கிவிட வேண்டும். தன் ஆய்வகத்தின் சுருக்கமே தன்னிடம் வந்தால் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது புதியவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

இதன் நீண்ட காலப் பலனுக்குப் பழைய சான்று ஒன்று இருக்கிறது. பிரிட்டனின் பயோகெமிக்கல் சொசைட்டி 1911-இல் ஒரு கிளப்பாகத் தொடங்கியபோது பெண்களைச் சேர்ப்பதில்லை என்று வாக்கெடுத்து முடிவு செய்தது. சீக்கிரமே அந்த முடிவை மாற்றிக்கொண்டது. 1913-இல் சேர்ந்த முதல் பெண்களில் ஒருவரான ஐடா ஸ்மெட்லி 1927-இல் அந்தச் சங்கத்தின் குழுவுக்கே தலைவரானார். உள்ளே விட்டதோடு நில்லாமல் பொறுப்புக்கும் வழி விட்டதால்தான் இது நடந்தது. உங்கள் குழுக்களில் இன்று யார் இல்லை என்று பார்த்து, அந்தப் பக்கத்திலிருந்து வந்த புதியவர்களிடம் முதலில் கேளுங்கள்.

உறுப்பினர் அட்டை, பேட்ஜ், பை அனுப்புவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தபால் செலவு பொருளின் விலையைத் தாண்டும், வெளிநாட்டு முகவரியில் சுங்கத்தில் மாட்டும். அந்தப் பணத்தை ஒரு பயண உதவித்தொகையாக மாற்றுங்கள்.

எதை எப்போது எடுப்பது

ஆண்டுக்கு இருபது பேர் வரை மட்டும் சேரும் சிறு சங்கத்துக்கு வழிகாட்டி முறை சரிப்படும். எல்லோரையும் எல்லோருக்கும் தெரியும், பொருத்துவது எளிது. அதற்கு மேல் சேர்ந்தால் மின்னஞ்சல் தொடரோடு துறைவாரிச் சிறு குழு. குழுவிலிருந்து யாருக்குத் தனி வழிகாட்டி உண்மையாகவே தேவை என்பது தானே தெரியவரும், அவர்களுக்கு மட்டும் கொடுங்கள். மாநாட்டுச் சந்திப்பு எல்லா அளவிலும் இருக்கலாம், ஆனால் அதுவே முதல் சந்திப்பாக இருக்கக் கூடாது. பணியாளர் யாரும் இல்லாத, தன்னார்வலர் மட்டும் உள்ள சங்கம் என்றால் குழுக்களை மாதந்தோறும் நடத்த வேண்டாம். சேர்க்கை அலை முடிந்த அடுத்த மூன்று வாரத்தில் மொத்தமாக நடத்தி, மீதி ஆண்டுக்கு இரண்டு குழு போதும்.

பலனை அளக்க, கடிதம் எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண் உதவாது. அதில் ஒரு பகுதி மின்னஞ்சல் செயலிகள் தாமாகத் திறப்பது. முதல் ஆண்டு முடிவில் சந்தா புதுப்பித்தவர் விகிதத்தைப் பாருங்கள், மாநாட்டுக்கு முன் சேர்ந்தவரையும் மற்றவரையும் பிரித்துப் பாருங்கள். வழிகாட்டி கேட்டு வாங்கியவர்கள் அதிகம் புதுப்பித்தால் அது வழிகாட்டியால்தான் என்று சொல்ல முடியாது. ஆர்வம் உள்ளவர்தானே கேட்டிருப்பார். கட்டுப்பாட்டுக் குழு இல்லாமல் முடிவு சொல்லக் கூடாது என்பதை உயிர்வேதியியலாளர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை: முதல் ஆண்டு சில துறைகளுக்கு மட்டும் குழு நடத்துங்கள், எந்தத் துறைகள் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுங்கள், மற்றவற்றுக்கு அடுத்த ஆண்டு தொடங்குங்கள். முப்பது பேரில் இரண்டு மூன்று பேர் வித்தியாசத்தை வைத்து எதையும் நிறுத்தவோ விரிவாக்கவோ வேண்டாம். இரண்டு மூன்று ஆண்டுத் தரவைச் சேர்த்துப் பாருங்கள்.

புதுப்பிக்காமல் போனவர்களுக்கும் ஒரு கடிதம் உண்டு. சந்தா முடிந்து ஒரு மாதம் கழித்து, பணம் கேட்காமல், "சங்கத்தில் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தார்களா?" என்று மட்டும் கேளுங்கள். வரும் பதில்களை அடுத்த ஆண்டுக் குழுக்களைப் பிரிக்க உட்காரும் முன் வாசித்துவிடுங்கள்.